எமரால்டு அணைக்குள்ளே ஒன்றும் கிடையாது

சுறா என்றால் என் மனைவிக்குப் புட்டு, எனக்குப் பயம். அவள் தூத்துக்குடிக்காரி. தாய்மாமன்கள் இரண்டு பேர் இன்னும் கடலுக்குப் போகிறார்கள். பால்சுறா வாங்கி வந்து வேகவைத்து, தோலை உரித்து, உதிர்த்து, பூண்டும் சின்ன வெங்காயமும் போட்டு அவள் வதக்கும்போதே வீடு மணக்கும். நான் நீலகிரியில், எமரால்டு பக்கம் மின்வாரியக் குடியிருப்பில் வளர்ந்தவன். கடலை முதன்முதலில் பார்த்தபோது எனக்குப் பதினான்கு வயது. கல்யாணமான புதிதில் ஒரு ராத்திரி 'ஜாஸ்' படத்தைப் போட்டு அவளையும் பக்கத்தில் உட்கார வைத்தேன். பாதியில் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாள். "இதுக்கா இப்படித் தலகாணியக் கட்டிப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கீங்க? நாங்க புட்டு வைக்கிற சாமான வச்சுல்ல படம் எடுத்திருக்கான்" என்று சமையலறையிலிருந்து குரல் மட்டும் வந்தது.

நியாயமான விமர்சனம்தான். ஆனால் அன்றைக்கு எழுந்த கேள்வி இன்னும் என்னை விடவில்லை. கடலோடு பிறந்தவளுக்கு இல்லாத பயம், கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டர் உயரத்தில் தேயிலைக்கும் கேரட்டுக்கும் நடுவில் வளர்ந்தவனுக்கு எங்கிருந்து வந்தது? தண்ணீருக்குள் ஏதாவது ஒன்று இருந்து ஆளைப் பிடிக்கிற படம் எந்த மொழியில் வந்தாலும் நான் பார்த்துவிடுவேன். சுறா, முதலை, பாம்பு, பிரான்ஹா, ஆக்டோபஸ், பெயர் தெரியாத கொழகொழப்பு, எதுவானாலும் சரி. பேய்ப் படம் எனக்குப் பிடிக்காது, ரத்தமாக ஓடுகிற படமும் ஆகாது. தண்ணீர் இருந்தால் மட்டும் உட்கார்ந்துவிடுவேன்.

எங்கள் குடியிருப்பிலிருந்து பார்த்தால் எமரால்டு நீர்த்தேக்கம் தெரியும். அதற்கு அந்தப் பக்கம் அவலாஞ்சி, இரண்டு தண்ணீரும் ஒன்றோடொன்று சேர்ந்ததுதான். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியோடு வந்த குந்தா நீர்மின் திட்டத்தைச் சேர்ந்தவை. இயற்கையான ஏரிக்குக் கரை என்று ஒன்று இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் கூடும். அணைத் தண்ணீருக்கு அந்த மரியாதை எல்லாம் கிடையாது. அது மலைச்சரிவில் ஏறி நிற்கிற தண்ணீர். ஓரத்தில் ஒரு அடி, அடுத்த எட்டில் முப்பது அடி. கீழே பவர் ஹவுஸில் எத்தனை மிஷின் ஓடுகிறது என்பதைப் பொறுத்து ராத்திரியோடு ராத்திரியாக இறங்கும், மழை வந்தால் ஏறும். காலையில் எழுந்து பார்த்தால் நேற்று நாங்கள் உட்கார்ந்த கல் இருக்காது. இல்லாவிட்டால் நேற்று இல்லாத ஒரு கல் புதிதாக வந்து நிற்கும். ஐந்து வயதுப் பையனுக்கு அப்படி ஒரு தண்ணீரைப் பற்றி என்ன தோன்றும்? உயிருள்ளது என்றுதான்.

குடியிருப்பில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. அந்தக் குளிரில் யார் இறங்கிக் கற்றுக்கொள்வது? மார்கழி, தை மாசங்களில் விடியற்காலை நீர்ப்பரப்பு முழுக்க ஆவி எழும்பும், பால் காய்ச்சுகிற மாதிரி. "வருசத்துக்கு ஒரு ஆளக் காவு கேக்கும்டா அது" என்பார் பக்கத்து வீட்டுப் பெரியப்பா. எந்த வருசம் யாரைக் கேட்டது என்று கேட்டால் சொல்ல மாட்டார். தமிழ்நாட்டில் இந்த வசனம் இல்லாத ஆறு, குளம், கிணறு இருக்கிறதா தெரியவில்லை. ஆனால் அந்த 'கேக்கும்' என்ற சொல் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் கேட்கும். அதாவது கீழே கேட்கிற ஒன்று இருக்கிறது.

என் முதல் நீர் மிருகப் படம், என் தலைமுறையில் பாதிப் பேருக்கு இருப்பது போலவே, 'அனகோண்டா'தான். 1997 படம். தமிழ் பேசிய அந்த அமேசான் காட்டை அப்பாவோடு பஸ் ஏறி ஊட்டிக்குப் போய் ஒரு தியேட்டரில் பார்த்தேன். பாம்பு தண்ணீருக்கடியில் படகோடு கூடவே வருகிற இடங்களில் காலைத் தூக்கி சீட் மேல் வைத்துக்கொண்டேன். அப்பா பயப்படவில்லை. ஆனால் ஒரு காட்சியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். படகு பின்னாலே போகிறது, பின்புலத்தில் ஒரு அருவி. "டேய், அருவி மேல போகுதுடா" என்றார். உண்மைதான். படகு முன்னால் போனதை எடுத்துத் திருப்பி ஓட்டியிருக்கிறார்கள், அருவியும் சேர்ந்து மேல்நோக்கி ஏறுகிறது. உலகம் பூராவும் கிண்டல் செய்யப்பட்ட தவறு அது என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. பவர் ஹவுஸ்காரருக்கு அது யாரும் சொல்லாமலே தெரிந்தது. தண்ணீர் கீழே வருவதை நம்பிச் சம்பளம் வாங்குகிறவர் ஆயிற்றே. வரும் வழியெல்லாம் பாம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அருவியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார்.

கல்லூரிக்குக் கோயம்புத்தூர் போன பிறகுதான் பழைய படங்களைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். இந்த வகைக்கு மூதாதை என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் 1954-ல் வந்த 'கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்' படத்தைத்தான் காட்டுவேன். கதை ஒன்றும் பெரிதில்லை. அமேசானில் ஒரு காயல், அதில் பாதி மீன் பாதி மனிதனாக ஒரு ஜந்து, ஆராய்ச்சிக்கு வருகிற ஒரு கூட்டம். ஆனால் அதில் ஒரு காட்சி இருக்கிறது. நாயகி வெள்ளை நீச்சலுடையில் மேலே நீந்துகிறாள். அவளுக்கு நேர் கீழே, மல்லாந்தபடி, அவள் கை வீசினால் தானும் வீசி, அவள் திரும்பினால் தானும் திரும்பி, அந்த ஜந்து நீந்துகிறது. தொடவில்லை. ஒரு தடவை கால் வரை கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொள்கிறது. அவளுக்கு எதுவும் தெரியாது.

அந்தத் தண்ணீருக்கடிக் காட்சிகளை ஃபுளோரிடாவில் வகுல்லா ஊற்றில் எடுத்தார்கள். உள்ளே நீந்தியவர் ரிக்கோ பிரௌனிங். ரப்பர் உடைக்குள் காற்று உருளைக்கு இடமில்லை, வைத்திருந்தாலும் குமிழி வந்து காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மூச்சை அடக்கிக்கொண்டே நடித்தார், நான்கு நிமிஷம் வரை தாங்குவாராம். அந்த ஜந்துவின் உருவத்தை வடிவமைத்த மிலிசென்ட் பேட்ரிக் என்ற பெண்ணுக்குப் படத்தின் பெயர்ப் பட்டியலில் இடமில்லை. ஒப்பனைத் துறையின் தலைவர் பேரைத் தட்டிக்கொண்டு போனார். எழுபது வருசமாக ஜனங்கள் பொம்மை செய்து விற்கிற ஒரு முகம் அது. இதைப் படித்தபோது ஜந்துவை விட அந்த அலுவலகத்தின் மேல்தான் எனக்குப் பயம் வந்தது.

அந்த ஊற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். பார்க்கிற நமக்கு அடி வரை எல்லாம் தெரிகிறது. ஆனாலும் பயமாக இருக்கிறதே, ஏன்? தண்ணீர் என்கிற மூடி அவளுக்கு மட்டும் மூடியிருக்கிறது. அவள் தண்ணீரின் மேல்தோலில் கிடக்கிறாள், கீழே உள்ளதைப் பற்றி அவள் உடம்புக்கு ஒரு தகவலும் போகவில்லை. முதல்முறை பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது எமரால்டில் கல் மேல் உட்கார்ந்து தண்ணீரில் காலைத் தொங்கப்போட்ட மதியங்கள்தான். அம்மா பார்த்தால் தோலை உரித்திருப்பாள்.

சரி, ஜாஸுக்கு வருவோம், வராமல் முடியாது. 1975. இயக்குநர் ஸ்பீல்பெர்க்குக்கு அதை எடுக்கும்போது வயது 27. இயந்திரச் சுறாக்கள் செய்து, அவற்றுக்கு 'புரூஸ்' என்று தன் வக்கீலின் பெயரை வைத்து, மார்த்தாஸ் வினியார்ட் தீவுப் பக்கம் நிஜக் கடலில் இறக்கினார்கள். உப்புத் தண்ணீர் பட்டதும் மிஷின் மக்கர் செய்ய ஆரம்பித்தது. 55 நாளில் முடிக்க வேண்டிய படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது. சுறா வேலை செய்யாத நாளில் என்ன எடுப்பது? தண்ணீரை எடுத்தார்கள். மிதக்கிற மஞ்சள் பீப்பாயை எடுத்தார்கள். சுறா இருக்க வேண்டிய இடத்தில் கேமராவை வைத்து, அது பார்க்கிற மாதிரிக் கீழிருந்து கால்களை எடுத்தார்கள். மீதியை ஜான் வில்லியம்ஸின் இரண்டே இரண்டு சுரம் பார்த்துக்கொண்டது. படம் ஆரம்பித்து 1 மணி 20 நிமிஷம் போலக் கழித்துத்தான் அதன் முகத்தை ஒழுங்காகப் பார்க்கிறோம். மிஷின் ஒழுங்காக ஓடியிருந்தால் இது சாதாரணப் படமாகப் போயிருக்கும் என்று பல பேர் சொல்லிவிட்டார்கள், நானும் அதே கட்சிதான்.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்த கதை பால் கதை. மூழ்கிய படகின் ஓட்டையிலிருந்து ஒரு தலை வெளியே வருமே, அந்தக் காட்சி முன்னோட்டம் போட்டுப் பார்த்த பிறகு சேர்த்தது. இன்னும் ஒரு அலறல் வேண்டும் என்று இயக்குநருக்கு ஆசை, ஸ்டூடியோ பணம் தர மறுத்துவிட்டது. கைக்காசைப் போட்டு, படத்தொகுப்பாளர் வெர்னா ஃபீல்ட்ஸ் வீட்டு நீச்சல் குளத்தில் எடுத்தார். குளத்துத் தண்ணீர் தெளிவாக இருந்து தொலைத்ததால் பாலைக் கலந்து கலக்கினார்கள். நம் ஊரில் கட்அவுட்டுக்கு ஊற்றுகிற பாலை அவர்கள் குளத்துக்கு ஊற்றியிருக்கிறார்கள். அந்தத் தொகுப்புக்காக வெர்னாவுக்கு ஆஸ்கரும் கிடைத்தது. குடங்குடமாகக் காசு செலவழித்து எடுத்த கடல் எல்லாம் ஒருபக்கம், தியேட்டரே எழுந்து குதித்தது கொல்லைப்புறக் குளத்தில் கலக்கிய பாலுக்கு.

இப்போது வருகிற படங்களில் எனக்கு இருக்கிற வருத்தம் இங்கேதான். 'தி மெக்' மாதிரிப் படத்தில் சுறா பஸ் நீளத்தையும் தாண்டி இருக்கிறது, பல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது, தண்ணீர் நட்சத்திர ஹோட்டல் குளம் போல நீலமாக ஜொலிக்கிறது. எல்லாம் தெரிந்துவிட்டால் அப்புறம் அது மிருகக்காட்சிசாலை. 1955-ல் ரே ஹாரிஹவுசன் ஒரு படத்துக்கு ராட்சத ஆக்டோபஸ் செய்தார், பட்ஜெட் பற்றாமல் எட்டுக் கைக்குப் பதில் ஆறு கைதான் வைக்க முடிந்தது. மீதி இரண்டும் எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்த இல்லாத இரண்டு கைக்கு இருக்கிற பலம் இன்றைய கம்ப்யூட்டர் மிருகம் மொத்தத்துக்கும் இல்லை.

தண்ணீர் நம்மை ஏமாற்றுகிற விதம் வேறு இருக்கிறது. காற்றில் ஒலி விநாடிக்கு சுமார் 340 மீட்டர் போகும், தண்ணீரில் சுமார் 1500. ஒரு காதுக்கும் மறு காதுக்கும் ஒலி வந்து சேர்கிற நேர வித்தியாசத்தை வைத்துத்தான் அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மூளை கண்டுபிடிக்கிறது. தண்ணீருக்குள் அந்த வித்தியாசம் ஒன்றுமில்லாமல் சுருங்கிப்போவதால் சத்தம் எங்கும் இருந்து வருகிற மாதிரி இருக்கும். நிறமும் அப்படித்தான், சிவப்பு முதலில் காணாமல் போகும். ஆழத்தில் ரத்தமே பச்சையாகவோ கறுப்பாகவோதான் தெரியும், படங்களில் ஓடுகிற செக்கச்செவேல் எல்லாம் பொய். முகமூடிக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் பொருள் இருப்பதை விடப் பெரிதாகவும் கிட்டத்திலும் தெரியும். ஆக, கண்ணும் காதும் கைவிட்ட ஒரு இடம். கால் கீழே எதுவுமில்லை.

மலைக்காரனுக்கு இது புதிதா? மஞ்சூர் சாலையில் ஆடி மாசம் ஒரு சாயங்காலம் பைக்கில் வந்துகொண்டிருந்தேன். மேகம் இறங்கி ரோட்டில் உட்கார்ந்துவிட்டது. முன் சக்கரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை, ஹெட்லைட் போட்டால் வெளிச்சம் நம் முகத்துக்கே திரும்பி வரும். வண்டியை ஓரம் கட்டி அணைத்தேன். தேயிலைச் செடி சொட்டுகிற சத்தம். எங்கோ ஒரு மூச்சு. பக்கத்தில் என்றால் பக்கத்தில், தூரத்தில் என்றால் தூரத்தில். மஞ்சில் சத்தம் எந்தப் பக்கம் என்று புரியவில்லை. அப்புறம் சாணியும் ஈரமும் கலந்த ஒரு சூடான வாசனை. கண் முன்னால் வெள்ளையாக இருந்த மஞ்சில் ஒரு இடம் மட்டும் கறுப்பானது, அந்தக் கறுப்பு நகர்ந்தது, நகர்ந்துகொண்டே இருந்தது, முடியவே இல்லை. காட்டெருமை. முட்டிக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி நான்கு கால்கள் என் பைக்கின் முன் சக்கரத்தை ஒட்டிக் கடந்து போயின. கொம்பையும் தலையையும் நான் பார்க்கவே இல்லை. போன பிறகுதான் கை நடுங்க ஆரம்பித்தது. ஒரு நீர் மிருகப் படத்தை நன்றாக எடுத்தால் எனக்கு வர வேண்டியது அந்த நடுக்கம்தான். மஞ்சு இறங்கிய நாளில் நாங்கள் எல்லோரும் ஏரியடியில் வசிக்கிறவர்கள்.

1989-ல் ஆழ்கடல் படங்கள் வரிசையாக வந்தன. 'டீப்ஸ்டார் சிக்ஸ்', 'லெவியாதன்', 'தி அபிஸ்' மூன்றும் அதே வருசம். கட்டி முடிக்காமல் கைவிட்ட ஒரு அணுமின் நிலையத்தின் தொட்டியில் தண்ணீரை நிரப்பித்தான் மூன்றாவதை எடுத்தார்கள். முதல் இரண்டும் நல்ல படங்கள் இல்லை, நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் எனக்கு அவை மேல் ஒரு தனிப் பாசம் உண்டு, காரணம் அவற்றில் வருகிறவர்கள் எங்கள் குடியிருப்பு ஆட்கள். கடலடியில் ஒரு நிலையம், ஷிப்ட், டீ, சீட்டாட்டம், வாரம் எப்போது முடியும் மேலே எப்போது போகலாம் என்ற பேச்சு, மேலிடத்தில் யாரோ ஒருவர் போனில் 'பார்க்கலாம்' என்கிறார். ஒரு தடவை அப்பா என்னைப் பவர் ஹவுஸுக்குள் கூட்டிப் போனார். பள்ளத்தில் இருந்தது. மலை மேலிருந்து பென்ஸ்டாக் குழாயில் இறங்கி வருகிற தண்ணீர் டர்பைனில் விழுகிறது, வெளியே ஒரு சொட்டுத் தண்ணீர் தெரியாது. ஆனால் தரை அதிர்கிறது, செருப்பு வழியாகப் பாதத்தில் ஏறுகிறது, சுவர் வியர்த்திருக்கிறது. "இந்தக் குழாய்க்குள்ள என்னப்பா இருக்கு?" என்றேன். "எமரால்டுதான் இருக்கு" என்றார். வெகு நாள் தூங்கவில்லை.

நம்மிடம் இந்தக் கதைகள் இல்லாமலா? யமுனையின் மடுவில் காளிங்கன், யானையின் காலைக் கவ்விய முதலை, எல்லாம் கேட்டு வளர்ந்ததுதான். எனக்கு அவிநாசிக் கதைதான் ஆச்சரியமானது. குளிக்கப் போன பிள்ளையை முதலை விழுங்கிவிடுகிறது. வருசங்கள் கழித்து சுந்தரர் அந்த வழியாக வருகிறார். ஒரு வீட்டில் பூணூல் கல்யாணக் கொட்டு, எதிர் வீட்டில் அதே வயதுப் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் அழுகை. அவர் பதிகம் பாட, முதலை பிள்ளையை உமிழ்ந்துவிடுகிறது. அதுவும் விழுங்கிய வயதில் இல்லை, இடையில் போன வருசங்களின் வளர்ச்சியோடு. அந்தப் பிள்ளை உள்ளே வளர்ந்திருக்கிறான்! இதை ஒரு ஹாலிவுட்காரரிடம் சொன்னால் எழுந்து கைகொடுப்பார். அவர்கள் மிருகங்கள் எடுத்ததைத் திருப்பித் தருவது அபூர்வம். கில்லெர்மோ டெல் டோரோ சின்ன வயதில் அந்த 1954 படத்தைப் பார்த்து, ஜந்துவும் அந்தப் பெண்ணும் சேர வேண்டும் என்று ஆசைப்பட்டவர். 2017-ல் 'தி ஷேப் ஆஃப் வாட்டர்' எடுத்துச் சேர்த்துவைத்துவிட்டார், சிறந்த படத்துக்கான ஆஸ்கரும் வந்தது. அழகான படம். ஆனால் எனக்குத் துளிகூடப் பயம் வரவில்லை, அந்த வகையில் ஏமாற்றம்தான்.

மறைத்து வைத்தால்தான் பயம் என்று இவ்வளவு நேரம் வாதாடிவிட்டு ஒன்றை மட்டும் ஒளிக்கக் கூடாது. 2006-ல் வந்த கொரியப் படம் 'தி ஹோஸ்ட்' இதையெல்லாம் தூக்கிப் போட்டு உடைக்கிறது. போங் ஜூன் ஹோ எடுத்தது. சியோலில் இருந்த அமெரிக்க ராணுவ முகாமிலிருந்து 2000-ல் ஃபார்மால்டிஹைடை வடிகாலில் கொட்டிய நிஜச் சம்பவத்திலிருந்து ஆரம்பிக்கிறது. பட்டப்பகல், ஹான் ஆற்றங்கரை, பாலத்தடியில் என்னவோ தொங்குகிறது. ஜனங்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? வேடிக்கை பார்க்கிறார்கள், தின்பதற்கு எதையாவது தண்ணீரில் எறிகிறார்கள். ஊட்டி வருகிற சுற்றுலாக்காரர்கள் குரங்குக்குச் சிப்ஸ் எறிவதைத் தினமும் பார்க்கிறவனுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். அடுத்த நிமிஷம் அது கரையில் ஓடி வருகிறது, முழுசாக, வெயிலில். எதையும் மறைக்கவில்லை. ஆனாலும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. என் வாதத்தில் எங்கே ஓட்டை என்று நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை, விட்டுவிடுகிறேன்.

போன வருசம் மே மாசம் மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தேன். அப்படி ஒரு கோடை. எமரால்டு பாதிக்கு மேல் வற்றியிருந்தது. நான் பயந்து வளர்ந்த இடமெல்லாம் செம்மண்ணாக வெடித்துக் கிடந்தது. இருவரும் இறங்கி நடந்தோம். முழுகிய காட்டின் அடிமரக் கட்டைகள் வரிசையாக, கறுத்து, ஆனால் உளுத்துப்போகாமல் நின்றன. ஒரு பீர் பாட்டில். தூண்டில் நரம்புச் சிக்கல். அந்தக் கல், நான் காலைத் தொங்கப்போட்ட கல், அதற்குக் கீழே சரிவு எவ்வளவு செங்குத்து என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதன் அடியில் ஒரு ஒற்றைச் செருப்பு, நீல வார், இடது கால், சின்னப் பிள்ளை அளவு. யாராவது ஒரு பிள்ளை கரையில் கழற்றிவிட்டிருக்கும், காற்று தள்ளியிருக்கும். மகள் எடுக்கப் போனாள், வேண்டாம் என்றேன். "உள்ள ஒண்ணுமே இல்லியேப்பா, நீ சும்மா பயமுறுத்துன" என்றாள். ஒன்றுமே இல்லைதான். மூலை மூலையாக நடந்து பார்த்துவிட்டோமே.

ஆகஸ்டில் அம்மாவைப் பார்க்க மறுபடி போனோம். மழை வெளுத்து வாங்கியிருந்தது. தண்ணீர் கல்லைத் தாண்டி ஏறி, காற்றில்லாமல், இரும்புத் தகடு மாதிரி அசையாமல் கிடந்தது. மகள் ஓடிப்போய்க் கரையில் குந்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "அப்பா, அந்தச் செருப்பு இப்ப எவ்ளோ ஆழத்துல இருக்கும்?"

நான் அவள் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்துக்கொண்டேன்.